இருபதாவது குழந்தையை நீக்குவது குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, வணக்கத்துடனும் சற்று நடுக்கத்துடனும் எழுதிக்கொள்வது.

கடிதம் நீளமாகப் போகும் போலிருக்கிறது. நடுவில் நீங்கள் வழி தவறிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. எங்கள் நலம், உங்கள் நலம்.
2. மழலையர் பள்ளிக்கு நகராட்சி தரும் மானியமும் இருபது என்ற எண்ணும்.
3. நான் செய்த காரியம்.
4. அதன் பிறகு நடந்தவை. (இதைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம். சம்பந்தி அம்மா பக்கத்தில் இருக்கும்போது படிக்கவும்.)
5. அப்படி ஒரு குழந்தை கிடையவே கிடையாது என்பதற்கான சான்றுகள்.
6. உங்களிடம் நான் வேண்டுவது.

முதலாவது. இங்கே அனைவரும் நலம். என் மகன் வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறான். உங்கள் மகள் பள்ளியே கதி என்று இருக்கிறாள். நான் இருவருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சென்ற முறை நீங்கள் வந்தபோது ‘மூட்டுக்கு நடப்பதுதான் நல்லது’ என்று நான் சொன்னதும், அதை நம்பி நீங்கள் நடந்ததும், திரும்பி வரும்போது உங்களை இரண்டு பேர் தாங்கி வந்ததும் இன்னும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது. உங்கள் மகள் நடத்தும் மழலையர் பள்ளி நகராட்சியின் பணத்தில் ஓடுவது உங்களுக்குத் தெரியும். வாடகை, பால், ஆயாம்மாவின் சம்பளம், உங்கள் மகளின் சம்பளம் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் இருபது குழந்தைகள் இருந்தால்தான் வரும். பத்தொன்பது என்றால் பத்தொன்பது பேருக்கான பணம் வரும் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. பத்தொன்பது என்றால் பள்ளியை மூடிப் பெரிய சாலைக்கு அப்பால் உள்ள இன்னொரு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும். தாய்மார்களில் பாதிப் பேர் காலை எட்டு மணிக்கு அரை நாள் ஷிப்டுக்காகத் துணி ஆலையில் இருக்க வேண்டியவர்கள். அவர்களால் முடியாது. ஆகவே குழந்தைகள் ஆலை வாசலிலோ, பூட்டிய வீட்டுக்குள்ளோ இருப்பார்கள். உங்கள் மகள் இதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். இரண்டு மாதத்துக்கு முன் தையல்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனார். போகும்போது தையல் இயந்திரம், இரண்டு பீரோ, கூண்டோடு ஒரு கிளி இவற்றுடன் தம் மகளையும் அழைத்துப் போய்விட்டார். அதில் அவர்மீது தவறில்லை. ஆனால் எங்கள் எண்ணிக்கை பத்தொன்பது ஆயிற்று.

மூன்றாவது. பள்ளியின் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் பொறுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று உங்கள் மகள்தான் கொடுத்தாள். பகலில் நான் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வராமல் இருக்கவும் அது ஒரு வழி என்று அவள் நினைத்திருக்கலாம். மானியப் படிவம் வந்த சனிக்கிழமை காலை அவள் சொன்னாள்: “மாமா, தையல்காரர் பொண்ணு பேரு போன தடவைப் படிவத்துல இருக்கில்ல, அதையே திருப்பி எழுதிடுங்க. அடுத்த மாசத்துக்குள்ள ஒரு பிள்ளையச் சேத்துடலாம். யாரும் வந்து பாக்கப்போறதில்ல.”

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓரிடத்தில் இருக்கும் குழந்தையை இன்னோரிடத்தில் இருப்பதாக எழுதுவது பொய். ஆனால் நான் முப்பத்தாறு ஆண்டுகள் மழைப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். மழைமானி உடைந்து ஒரு நாளின் அளவு விடுபட்டுப் போனால் அந்த இடத்தைக் காலியாக விடமாட்டோம். முன்னும் பின்னும் உள்ள நாட்களின் சராசரியைப் போட்டு நிரப்புவோம். அது பொய்யல்ல, முறை. அதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆகவே விடுபட்ட இருபதாவது இடத்தையும் அவ்வாறே நிரப்பினேன். பத்தொன்பது பேரின் வயதைக் கூட்டி வகுத்தேன்: மூன்று வருடம் ஏழு மாதம். எடை: பதின்மூன்று கிலோ இருநூறு கிராம். உயரம்: தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர். நகராட்சி காலணி கொடுப்பதால் பாதத்தின் நீளமும் கேட்டிருந்தார்கள்: பதினைந்து சென்டிமீட்டர். ஆணா பெண்ணா என்ற இடத்தில் சராசரி பாதிக்குச் சற்று மேல் வந்ததால் கோடு மட்டும் போட்டேன். பெயருக்குச் சராசரி எடுக்க வழியில்லை. ‘இன்னும் வைக்கவில்லை; குட்டி என்று அழைக்கப்படும்’ என்று எழுதினேன். எதற்குப் பயப்படும் என்று ஒரு கேள்வி. பதினெட்டுப் பேருக்கு நாய், ஒருத்திக்கு மீசை. இதையும் வகுக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்து என்னுடையதையே எழுதிவிட்டேன்: ‘யாராவது உரத்த குரலில் கேள்வி கேட்டால்.’ கடைசியாக, குழந்தையை அழைத்துச் செல்ல வருபவர் யார், தொலைபேசி எண் என்ன என்று இருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் என்னுடையது ஒன்றுதான். அதை எழுதினேன். உறவு என்ற இடத்தில் ‘தாத்தா’ என்று எழுதினேன்.

எழுதியபின் பேனாவை மூடிவைத்துவிட்டேன். பிள்ளைகளின் கல்யாணம் முடிந்த இந்த எட்டு ஆண்டுகளாக நீங்களும் நானும் பேசிக்கொள்வதில்லை என்று வாய் திறக்காமலேயே ஒப்புக்கொண்ட விஷயம் அது. இங்கேயும் பேசப்போவதில்லை.

நான்காவது. (சம்பந்தி அம்மா வந்துவிட்டார்களா?) படிவம் போன பத்தாம் நாள் நகராட்சியிலிருந்து சாமான்கள் வந்தன. இருபது பாய், இருபது தம்ளர், இருபது ஜோடிக் காலணி. இருபதாவது பாயை உங்கள் மகள் கண்ணில் படாத மூலையில் விரித்துப்போட்டாள். பிள்ளைகள் முற்பகலில் கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகு ஆயாம்மா பாய்களைச் சுருட்டிக்கொண்டே வந்து அங்கே நின்றுவிட்டார்.

“சார், இந்தக் கடைசிப் பாய்ல யாரு படுத்தது?”

“யாரும் படுக்கலையே ஆயாம்மா.”

“தொட்டுப் பாருங்க. இப்பதான் எழுந்து போன மாதிரி சூடு.”

தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று சொன்னேன். அந்த மூலையில் சன்னலே கிடையாது என்பது வீட்டுக்கு வந்து கை கழுவும்போது நினைவுக்கு வந்தது. மறுநாளிலிருந்து இருபதாவது தம்ளர் காலியாக ஆரம்பித்தது. ஆயாம்மா குடிக்கிறார் என்று உங்கள் மகள் நினைத்துவிட்டாள். “என்னைப் பாத்தா கேட்டீங்க? எனக்குப் பால் சேரவே சேராதும்மா! குடிச்சுக் காட்டட்டுமா?” என்று அவர் ரோஷத்தோடு ஒரு தம்ளர் பாலைக் குடித்துக் காட்டி, சொன்னது உண்மை என்பதை நிரூபித்து, இரண்டு நாள் விடுப்பில் போனார். அந்த இரண்டு நாளும் தம்ளர் காலியாயிற்று. மூன்றாம் நாள் நடையைக் கழுவி உலரவிட்டிருந்தபோது குழாயடியிலிருந்து அந்த மூலைவரை ஈரக் கால் தடங்கள் போயிருப்பதைப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாரும் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகள் கைதட்டும் சத்தம் கேட்டது. என்னிடம் அளவுகோல் இருந்தது. அளந்தேன். சரியாகப் பதினைந்து சென்டிமீட்டர். சம்பந்தி, எங்கள் பிள்ளைகளில் பதினான்கரை இருக்கிறது, பதினைந்தேகால் இருக்கிறது. பதினைந்து ஒருவருக்கும் கிடையாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூலைக்கு மிக அருகிலிருந்த தடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று பதிந்தது. அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு நானும் உள்ளே போய்ப் பாட்டுப் பாடினேன். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது.

பிறகு தடுப்பூசி போட நர்ஸ் அம்மா வந்தார். அன்றைக்கு எனக்குச் சளி, நான் போகவில்லை. சாயங்காலம் இருபது அட்டைகள் வந்தன. இருபதாவது அட்டையில் ஊசி போட்ட தேதியும் எடையும் எழுதியிருந்தன. பதின்மூன்று கிலோ அறுநூறு. படிவத்தில் நான் எழுதியதைவிட நானூறு கிராம் அதிகம். பால் வீண்போகவில்லை என்று ஒரு கணம் மகிழ்ந்தேன்; அதன் பிறகுதான் எனக்கு வேர்த்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவைப் பிடித்தேன்.

“கடைசிப் பிள்ளையா? ஆமா சார், தங்கமான பிள்ளை. அழவே இல்ல. தலையைத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு.”

“முகம் எப்படி இருந்துச்சும்மா?”

“முகமா? ஒரு நாளைக்கு அறுபது பிள்ளைக்குப் போடுறேன். நான் பாக்குறது தோள்பட்டைய மட்டுந்தான். ஆனா கை சில்லுனு இருந்துச்சு சார், ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்க.”

இதை வீட்டில் சொன்னபோது உங்கள் மகள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மாமா, நான் ஒரு பேரு எழுதச் சொன்னேன். நீங்க ஒரு பிள்ளையே பெத்து வெச்சிருக்கீங்க” என்று சிரித்தாள். சிரித்த பிறகு இருவரும் அந்த வாக்கியத்தைக் கேட்டோம். அவள் அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பு எரியவே இல்லை.

அதற்கும் அடுத்த திங்கட்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு என் தொலைபேசி ஒலித்தது. ஆயாம்மா. “சார், எல்லாப் பிள்ளையும் போயாச்சு, அம்மா ஆபீசுக்குப் போயிருக்காங்க. உங்க வீட்டுக் குட்டி மட்டும் நிக்குது. பாவம், வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு. எவ்ளோ நேரம் நிக்கவெப்பீங்க?” நான் சட்டையை மாற்றாமல் ஓடினேன். ஆயாம்மா கையில் துடைப்பத்தோடு இருந்தார். “இப்ப இங்கதான நின்னுச்சு, செருப்பு வெக்கிற இடத்துல” என்று காட்டினார். அங்கே யாரும் இல்லை. இருபதாவது ஜோடிக் காலணியும் இல்லை. ‘எப்படி இருக்கும் அது?’ என்று கேட்க நினைத்தேன். கேட்டால், தாத்தாவுக்குத் தெரியாதா என்று கேட்பார். எனக்கு அந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் வராது. ஆகவே ‘வா, போகலாம்’ என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தபடி நடந்தேன். மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாள் போன் வருவதற்கு முன்பே போய் நின்றேன். பதினாறு நாட்களாக இப்படி. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் நான் ஒரு பிஸ்கட் பாக்கெட் கேட்டால் பாக்கெட்டோடு தனியாக ஒரு மிட்டாயும் வைக்கிறார். காசு வேண்டாம் என்கிறார். “அதுக்குத்தான் சார்” என்று மோவாயால் என் இடுப்புக்குக் கீழே காட்டுகிறார். நானும் முன்னைவிட மெதுவாக நடக்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒன்பது நிமிடம். திரும்பி வர இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஒரு நாள் ஆலைத் தொழிலாளி ஒருவர், நல்ல மனிதர், பெருங்குரல், தம் மகனை அழைக்க வந்தவர் மூலையைப் பார்த்து “யாரு அது அங்க?” என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் பால் அப்படியே ஆடை படிந்து கிடந்தது. பாய் சில்லென்று இருந்தது. உங்கள் குரலைக் குறிப்பிட்டுச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

ஐந்தாவது. இவ்வளவும் சொன்னபிறகு உறுதியாகச் சொல்கிறேன்: அப்படி ஒரு குழந்தை கிடையாது. முதற்சான்று, அதை நானே ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றுக்கும் பன்னிரண்டே காலுக்கும் இடையில் சாப்பாட்டு மேசைமேல் உண்டாக்கினேன். பக்கத்தில் கூட்டல் போட்ட தாள் இருக்கிறது. அடுத்தது, சராசரி என்பது கணக்கில் மட்டும் இருப்பது. சராசரி மழை எந்த நாளிலும் பெய்வதில்லை. முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் பெய்தது, அன்றைக்கு அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டோம். மேலும் முகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆயாம்மா பார்த்திருக்க வேண்டும். ஆனால் சுற்றி வளைத்துக் கேட்டபோது “உங்க சாடைதான் சார், பின்னாடியிருந்து” என்றார். பின்பக்கத்துக்கு என்ன சாடை? கடைசிச் சான்று, பள்ளியில் எடுத்த குழுப் படம். எண்ணினேன். பத்தொன்பது பேர்தான். முன் வரிசையில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நிற்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கைகளை அந்த இடத்தை நோக்கி நீட்டி, விரல்களை மடக்கி வைத்திருக்கிறார்கள். படத்தை இத்துடன் வைக்கலாம் என்று நினைத்தேன். சான்றாக அது அவ்வளவு வலுவாக இல்லை என்று இப்போது தோன்றுகிறது, ஆகவே வைக்கவில்லை.

ஆறாவது. நாளை மறுநாள், வியாழக்கிழமை, நகராட்சியிலிருந்து தலைக்கணக்கு எடுக்கும் அதிகாரி நேரில் வருகிறார். பத்தொன்பது இருந்தால் பள்ளி போயிற்று. பொய்யாக எழுதியதற்கு உங்கள் மகள்மீது நடவடிக்கையும் வரும், படிவத்தின் அடியில் உள்ள கையொப்பம் அவளுடையது. பழியை நான் ஏற்றுக்கொள்ளத் தயார், ஆனால் என்னை யாரும் எதற்கும் பொறுப்பாக நினைத்துப் பழக்கமில்லை. முன்கூட்டியே பெயரை நீக்கிவிடலாம் என்று சென்ற வாரம் நகராட்சிச் சாளரத்துக்குப் போனேன். குமாஸ்தா சொன்னார்: “சேத்த பிள்ளைய நீக்கணும்னா மூணே காரணந்தான் பெரியவரே. குடும்பம் ஊர் மாறணும், இல்ல பெரிய ஸ்கூலுக்குப் போகணும். மூணாவது காரணத்த நான் சொல்ல வேண்டாம், நீங்களே டிக் பண்ணுங்க.” நான் படிவத்தைப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்துக்கு நேரே பேனா போயிற்று. அந்த நான்கெழுத்தை நான் இங்கேயும் எழுதமாட்டேன். கை வரவில்லை. அப்போது என் சட்டையின் கீழ் நுனி லேசாக இழுபட்டது. சாளரக் கம்பியில் மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் உரிமப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவர். நான்காவது காரணம் ஒன்று எந்த விதியிலாவது இருக்கிறதா? ‘தவறுதலாகக் கணக்கிடப்பட்டது’ என்று ஏதாவது? பள்ளியும் பிழைக்க வேண்டும், யாருக்கும் எதுவும் ஆகவும் கூடாது. கடிதம் கண்டவுடன் தொலைபேசியில் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் முழங்கால் முதற்கொண்டு சகல சௌக்கியமும் உண்டாகட்டும்.

உங்கள் அன்புக்கும் பொறுமைக்கும் கடன்பட்ட,
சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் செவ்வாயன்று எழுதி உறையில் போட்டுவிட்டு, ஒட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று வியாழன், மாலை நான்கு மணி. அதிகாரி அம்மா காலையிலேயே வந்துவிட்டார். எண்ணிய பிள்ளையை மறுபடி எண்ணிவிடாமல் இருக்க ஒவ்வொருவர் சுண்டுவிரலிலும் ஊதா மைப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். பத்தொன்பது பொட்டு முடிந்தது. நான் வாசற்படியில் நின்றுகொண்டு, ‘அம்மா, ஒரு சிறு விளக்கம்’ என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், “இருபதாவது எங்க? எங்க இருபதாவது?” என்று கூரை அதிரக் கேட்டார். உங்கள் மகள் கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்போது, சம்பந்தி, எழுபத்து நான்கு வயதுவரை யாரையும் அதட்டியிராத நான், “கத்தாதீங்க! அது பயப்படும்!” என்று கத்தினேன்.

அதிகாரி மிரண்டுபோனார். குரலைத் தாழ்த்தி, பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “சரி சரி, வா, கை நீட்டு” என்றார். எனக்குப் பின்னாலிருந்து ஏதோ என்னைச் சுற்றி முன்னால் வந்தது. நான் அதிகாரியின் மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொட்டு வைத்தார். “இருபது. கையெழுத்துப் போடுங்க சார். பிள்ளை கை சில்லுனு இருக்கு, ஸ்வெட்டர் போடுங்க” என்றார். போட்டேன். மத்தியானம் உங்கள் மகள் எனக்கும் அவளுக்கும் தட்டு வைத்துவிட்டு, நடுவில் மூன்றாவதாக ஒரு சின்னத் தட்டு வைத்தாள். என் மகன் ஊரில் இல்லை. இரண்டு பேரும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். பிறகு மூன்று தட்டையும் அவள் கழுவினாள். மெல்லப் பாடிக்கொண்டே கழுவினாள். எட்டு ஆண்டுகளில் நான் அதைக் கேட்டதில்லை.

ஆகையால் நீக்குவதற்கு வழி எதுவும் தேட வேண்டாம். அதற்குப் பதில் நீங்களும் சம்பந்தி அம்மாவும் சேர்ந்து ஒரு நல்ல பெயர் யோசித்து எழுதுங்கள். இரண்டு வருடத்தில் பெரிய பள்ளியில் சேர்க்க வேண்டும். அங்கே குட்டி என்றால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற பெயராக இருக்கட்டும். இந்தப் பின்குறிப்பின் கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இடக்கையால் எழுதுகிறேன். காலையிலிருந்து என் வலக்கை என் வசம் இல்லை. விடச் சொல்லவும் மனம் வரவில்லை.

மேலே ஐந்தாவதாக நான் சொன்னது தவறு.